கடலோர வெயிலில், தண்ணீரில் செடித் துண்டுகளை வேர்விடச் செய்வது: புதியவர்களுக்கான வழிகாட்டி

மணி பிளாண்ட் கொடியில் ஒரு சாண் வெட்டிப் பாட்டிலில் போட்டால் வேர் வந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதே நம்பிக்கையில் ரோஜாவையும் காகிதப்பூவையும் போட்டுப் பார்த்தவர்களுக்கு, சில நாள் கழித்து அந்தப் பாட்டிலிலிருந்து எழும் நாற்றமும் தெரிந்திருக்கும். இதைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வெயில் படும் ஜன்னலோரம் வையுங்கள், வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள் என்று அவை சொல்லும். புதுச்சேரியிலோ கடலூரிலோ அப்படியே செய்தால் வேர் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே தண்டு கொழகொழத்துப் போகும். பல பாட்டில்களைக் கொட்டிக் கழுவிய பிறகு, நம் ஊர் வெயிலுக்கும் தண்ணீருக்கும் ஒத்துவரும் முறையை வரிசையாக எழுதுகிறேன்.

நம் ஊரில் இது கடினமாவதற்குக் காரணம் ஒன்றுதான். வெட்டிய தண்டு புது வேர் விடுவதற்கு ஆக்சிஜன் வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும் தண்டுக்கு அது கரைந்த வடிவில்தான் கிடைக்கும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். அதே வெப்பத்தில் தண்டு வேகமாக மூச்சு வாங்குகிறது, அழுக வைக்கும் பாக்டீரியாக்களும் வேகமாகப் பெருகுகின்றன. ஆக, தேவை கூடுகிற நேரத்தில் இருப்பு குறைகிறது. இனி வரும் படிகளில் பாதிக்கு மேல் இந்தக் குறையை ஈடுகட்டும் வேலைதான்.

1. எந்தச் செடி என்பதை முடிவு செய்யுங்கள்

பாதி வேலை இந்த இடத்திலேயே முடிந்துவிடும், அல்லது கெட்டுவிடும். புதிதாகத் தொடங்குபவர் மணி பிளாண்ட், சிங்கோனியம், கோலியஸ், புதினா, கற்பூரவல்லி, துளசி, பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை ஆகியவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இவை இளந்தண்டுச் செடிகள். மணி பிளாண்டின் கணுவை உற்றுப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் ஒரு சிறு முண்டு துருத்திக்கொண்டிருப்பது தெரியும். அது காத்திருக்கும் வேர்தான், ஈரம் பட்டவுடன் நீளத் தொடங்கும்.

புதினாவுக்கு நர்சரிக்குப் போக வேண்டியதே இல்லை. புதுச்சேரி குபேர் மார்க்கெட்டிலோ கடலூர் உழவர் சந்தையிலோ காலையில் வாங்கும் கட்டில், அடித்தண்டு கறுக்காமல், நுனி நிமிர்ந்து நிற்கும் காம்புகள் நாலைந்து கட்டாயம் இருக்கும். இலையைச் சட்னிக்குக் கிள்ளிக்கொண்டு, நுனியில் நான்கு இலைகளை மட்டும் விட்டுவிட்டுக் காம்பைத் தண்ணீரில் வைத்தால் போதும். பொன்னாங்கண்ணிக் கட்டுக்கும் இதே முறைதான். குளிர்பெட்டியில் நாள்கணக்கில் இருந்த கட்டில் இது பலிப்பது அரிது.

துளசியில் கதிர் விடாத இளங்கிளையாகப் பாருங்கள். பூக்கத் தொடங்கிய தண்டு தன் சேமிப்பைப் பூவுக்கும் விதைக்கும் செலவிடும், வேருக்கு மிஞ்சாது. துளசியை இன்ன நாளில் கிள்ளக் கூடாது என்ற வழக்கம் உள்ள வீடாக இருந்தால் பெரியவர்களிடம் கேட்டுவிட்டே கத்தரியை எடுங்கள். நாளை மாற்றிக்கொள்வதால் செடிக்கு எந்த நட்டமும் இல்லை.

அடுத்த நிலையில் வெற்றிலை, குரோட்டன், செம்பருத்தி ஆகியவை வருகின்றன. இவை வேர்விடும், ஆனால் மெதுவாக. எடுத்த துண்டுகள் எல்லாமே பிழைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். செம்பருத்தியில் நாட்டு ஒற்றைச் சிவப்பு எளிது. பெரிய பூ விடும் கலப்பின வகைகள் தண்ணீரில் பெரும்பாலும் ஏமாற்றுகின்றன.

ரோஜா, காகிதப்பூ, இட்லிப்பூ, மல்லிகை ஆகியவற்றைத் தண்ணீரில் முயல்வது வீண் என்பது என் கருத்து. எங்கோ ஒருவருக்கு வந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கட்டைத் தண்டுக்குக் காற்றோட்டமுள்ள ஈர மணல்தான் ஏற்றது. மல்லிகை நாற்றுக்குப் பெயர்பெற்ற ராமநாதபுரம் மாவட்டத் தங்கச்சிமடத்தில்கூடப் பாட்டிலில் யாரும் நாற்று வளர்ப்பதில்லை. முருங்கைக்குப் போத்தை, அதாவது பெரிய கிளைத்துண்டை, நேரடியாக மண்ணில் நடுவதே முறை.

கறிவேப்பிலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடைக்காரர் கொசுறாகத் தரும் கறிவேப்பிலை ஈர்க்கைத் தண்ணீரில் வைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் பலர். அந்த ஈர்க்கு ஒரு கிளை அன்று. முழுவதும் சேர்ந்து, பல சிற்றிலைகள் கொண்ட ஒரே கூட்டிலை. அதில் கணுவும் இல்லை, மொட்டும் இல்லை. எத்தனை நாள் பசுமையாக நின்றாலும் அது செடியாகாது. கறிவேப்பிலை வேண்டுமென்றால் தாய்ச்செடியைச் சுற்றி வேரிலிருந்து முளைக்கும் கன்றைப் பெயர்த்து வாங்குங்கள், அல்லது புதுப் பழத்தின் விதையை உடனே ஊன்றுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அரளி தண்ணீரில் நன்றாக வேர்விடும்; ஆனால் செடி முழுவதும் நஞ்சு, அது நின்ற தண்ணீரும் நஞ்சு. குழந்தையோ நாயோ பூனையோ உள்ள வீட்டில் அரளியைப் பாட்டிலில் வைக்கவே வேண்டாம். மணி பிளாண்ட் அந்த அளவுக்குக் கொடியதன்று, ஆனாலும் மென்றால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும்.

2. காலத்தைப் பாருங்கள்

ஆடி முதல் புரட்டாசி வரையும், தை, மாசி மாதங்களும் நல்ல காலம். சித்திரை நடுவில் தொடங்கி அக்னி நட்சத்திரம் முடிந்து கோடை தணியும் வரை, மணி பிளாண்ட் தவிர வேறு எதையும் தொடங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றில் ஈரம் இருப்பதால் மண்ணுக்கு மாற்றுவது எளிது. ஆனால் கொசுவும் அதே காலத்தில்தான் பெருகும்.

3. என்ன தேவை, எவ்வளவு செலவு

தண்ணீரில் வேர் பிடிக்க வைப்பதற்கு ஏறக்குறைய செலவே இல்லை. ஒரு பழைய ஜாம் பாட்டில், கூரான பிளேடு அல்லது கத்தரி, அதைத் துடைக்கக் கொஞ்சம் ஸ்பிரிட் அல்லது சானிடைசர், பெயர் எழுதி ஒட்ட ஒரு துண்டுக் காகித டேப் ஆகியவை போதும். பணம் செலவாவது மண்ணுக்கு மாற்றும்போதுதான். நான்கு அங்குலத் தொட்டி 15 முதல் 30 ரூபாய், மண்புழு உரம் கிலோ 20 முதல் 30 ரூபாய், ஐந்து கிலோ கோகோபீட் (தென்னை நார்த்தூள்) கட்டி 150 முதல் 250 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கடை மாறும். இரண்டு மூன்று செடிகளுக்காக ஐந்து கிலோ கட்டி வாங்குவது வீண், கிழக்குக் கடற்கரைச் சாலையோர நர்சரிகளில் கலந்த மண்ணையே சிறு பையாகக் கேட்டு வாங்கலாம்.

வாங்க வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். வேரூக்கிப் பொடி தண்ணீரில் கரைந்து போகும், அது மணலில் நடும் கட்டைத் தண்டுக்கு உரியது. உரக் கரைசலும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். வேரில்லாத தண்டு அதை உண்ணாது, பாசி உண்ணும். தேன், ஆஸ்பிரின், இலவங்கப்பட்டை என்று சொல்லப்படும் எதுவும் தண்ணீரைத் தவறாமல் மாற்றுவதற்கு ஈடாகாது.

4. துண்டை வெட்டும் முறை

காலையில், வெயில் ஏறுவதற்கு முன் வெட்டுங்கள். முந்தின மாலை தாய்ச்செடிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டிருந்தால் தண்டு விறைப்பாக இருக்கும். நான்கு முதல் ஆறு அங்குல நீளமும் குறைந்தது மூன்று கணுக்களும் உள்ள, பூச்சி ஏறாத கிளையைத் தேர்ந்தெடுங்கள். செம்பருத்திக்கும் குரோட்டனுக்கும் பென்சில் பருமனில், பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கும் கிளை ஏற்றது.

வெட்டும் இடம்தான் முக்கியம். கணு என்பது இலைக்காம்பு தண்டோடு சேரும் இடம். அதற்குக் கால் அங்குலம் கீழே, ஒரே இழுப்பில் வெட்டுங்கள். பெரும்பாலான செடிகளில் வேர் கணுவை ஒட்டியே வருகிறது. நுனிக்கொழுந்தும் இளம் இலைகளும் உண்டாக்கும் ஆக்சின் என்னும் ஊக்கி தண்டு வழியாகக் கீழே இறங்கி வெட்டுமுனையில் தேங்கும்போது, அங்குள்ள திசுக்கள் வேராக மாறத் தொடங்கும். கணுவுக்குக் கீழே இரண்டு அங்குலம் வெறும் தண்டாக விட்டால் அந்த நீளம் அழுகுவதற்கு மட்டுமே உதவும். மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கும், நசுங்கிய இடத்தில்தான் அழுகல் தொடங்கும்.

தண்ணீருக்குள் போகும் பகுதியில் ஓர் இலைகூட இருக்கக் கூடாது. மூழ்கிய இலை இரண்டே நாளில் கரைந்து தண்ணீரைக் கெடுத்துவிடும். மேலே மூன்று நான்கு இலைகளை மட்டும் விடுங்கள். செம்பருத்தியைப் போல அகன்ற இலையாக இருந்தால் ஒவ்வொன்றையும் குறுக்கே பாதியாக வெட்டுங்கள். வேர் இல்லாத நிலையில் இலை ஆவியாக்கும் நீரைத் தண்டால் ஈடுகட்ட முடியாது. மொட்டு இருந்தால் தயங்காமல் கிள்ளி எறியுங்கள். பால் வடியும் செடியாக இருந்தால், பால் நிற்கும் வரை வெட்டுமுனையை ஓடும் நீரில் பிடித்துவிட்டுப் பிறகு பாட்டிலில் வையுங்கள்.

ஸ்நேக் பிளாண்ட் விதிவிலக்கு. அதன் இலைத் துண்டே வேர்விடும். எந்தப் பக்கம் கீழே இருந்தது என்று வெட்டும்போதே குறித்துக்கொள்ளுங்கள், தலைகீழாக வைத்தால் வேர் வராது. மஞ்சள் கரை போட்ட வகையில் இலைத்துண்டிலிருந்து வரும் கன்று வெறும் பச்சையாகவே வரும். மஞ்சள் கரை வேண்டுமானால் கிழங்கோடு பக்கக் கன்றைப் பிரிப்பதுதான் வழி.

5. தண்ணீரைச் சரிசெய்யுங்கள்

கடலோரத்தில் இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. கடலை ஒட்டிய தெருக்களில் போர்த் தண்ணீர் உப்பாக இருப்பது நமக்குப் புதிதன்று. பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும், சோப்பு நுரைக்காத தண்ணீரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். உப்பு மிகுந்த நீர் தண்டுக்குள் இருக்கும் ஈரத்தையும் எடுத்துக்கொண்டுவிடும். தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் கையில் இருந்தால் 500-க்குள் உள்ள தண்ணீராகப் பாருங்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவும் அதுதான்.

மழைநீர் இருந்தால் அதற்கு மிஞ்சியது இல்லை. குடிக்க வாங்கும் கேன் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் தாராளமாகப் போதும்; அவற்றில் தாது குறைவு என்பது வேர் வரும் வரை ஒரு பொருட்டன்று. நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் வாயகன்ற பாத்திரத்தில் ஓர் இரவு திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பலரும் கவனிக்காத பொறி மாடித் தொட்டி. மதியம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் கை சுடும் தண்ணீர் வரும் வீடுகள் நம்மிடையே நிறைய. அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றினால் இளந்தண்டு அப்போதே வெந்துவிடும். விடியற்காலையில் பிடித்துவைத்த தண்ணீரையோ மண்பானைத் தண்ணீரையோ ஊற்றுங்கள். குளிர்பதனப்பெட்டியிலிருந்து எடுத்து நேரே ஊற்றுவதும் கூடாது.

ஆழமும் முக்கியம். கீழே உள்ள ஒன்று அல்லது இரண்டு கணுக்கள் மூழ்கினால் போதும், அதாவது இரண்டு அங்குலத் தண்ணீர். காற்றிலிருந்து ஆக்சிஜன் கரைவது மேற்பரப்பு வழியாகத்தான். பாட்டில் நிறைய ஊற்றினால் அடியில் இருக்கும் வெட்டுமுனைக்கு அது போய்ச் சேராது.

தண்ணீரை எப்போது மாற்றுவது? இரண்டு நாளுக்கு ஒருமுறை. கோடையில் நாள்தோறும். மாற்றும்போது பழைய தண்ணீரின் மேலேயே புதியதை ஊற்றாமல், முழுவதும் கொட்டி, பாட்டிலின் உட்புறத்தை நாரால் தேய்த்து, தண்டின் அடிப்பகுதியைக் குழாயடியில் விரலால் மெதுவாக வழித்துக் கழுவி வையுங்கள். விரலில் வழவழப்புத் தட்டினால் அது அழுகலின் முதல் அடையாளம். கண்ணால் பார்ப்பதற்கு ஒரு நாள் முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும்.

6. பாத்திரமும் இடமும்

புதுச்சேரியில் அடர்பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலுக்குப் பஞ்சமே இல்லை. வெளிச்சத்தை ஓரளவு தடுப்பதால் அதில் பாசி எளிதில் பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் குறுகிய கழுத்து இரண்டு வகையில் தொல்லை தரும்: உட்புறத்தைத் தேய்க்க முடியாது, வேர் வந்த பிறகு தண்டை வெளியே எடுக்கும்போது வேர்கள் கழுத்தில் சிக்கி முறியும். ஆகவே வாயகன்ற கண்ணாடிப் பாட்டிலை எடுத்து, வெளியே பழுப்புக் காகிதம் சுற்றுங்கள். உறையை நழுவவிட்டு வேரைப் பார்க்கவும் வசதி. கோடையில் காகிதத்துக்குப் பதிலாக ஈரப் பருத்தித் துணியைச் சுற்றினால், ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் தண்ணீரும் ஓரளவு குளிரும்.

ஒரு பாட்டிலில் மூன்று துண்டுகளுக்கு மேல் வேண்டாம். வெவ்வேறு செடிகளை ஒன்றாகப் போடுவதும் வேண்டாம், ஒன்று அழுகினால் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பாட்டிலில் ஒரு டேப் துண்டு ஒட்டிச் செடியின் பெயரும் வெட்டிய தேதியும் எழுதுங்கள். இந்த வேலையில் நீங்கள் வைத்திருக்க வேண்டிய ஆவணம் இது ஒன்றுதான். இது இல்லாவிட்டால், செம்பருத்தியைத் தூக்கி எறிய வேண்டிய நாள் வந்துவிட்டதா இல்லையா என்று தெரியாமல் திண்டாடுவீர்கள்.

வைக்கும் இடம் வெளிச்சமாக இருக்க வேண்டும், நேர்வெயில் படக் கூடாது. கிழக்கு ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, அல்லது வடக்குப் பக்கத்து ஜன்னலோரம் நல்லது. மேற்கு ஜன்னல் கூடாது. குளியலறை ஜன்னல் வெளிச்சமானதாக இருந்தால் அதைவிட நல்ல இடம் வீட்டில் கிடையாது, காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வேண்டவே வேண்டாம். அங்கே சூடும் உண்டு, பிற்பகலில் வீசும் கடற்காற்றும் இலையை உலர்த்தும். மின்விசிறிக்கு நேர்க் கீழேயும் வைக்காதீர்கள்.

7. எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்

புதினா, பொன்னாங்கண்ணி, கோலியஸ் ஆகியவை ஐந்து முதல் பத்து நாளில் வேர்விடும். துளசிக்கும் கற்பூரவல்லிக்கும் ஒன்று முதல் இரண்டு வாரம். மணி பிளாண்ட், சிங்கோனியம், வெற்றிலை ஆகியவற்றுக்கு இரண்டு முதல் மூன்று வாரம். குரோட்டனும் செம்பருத்தியும் மூன்று முதல் ஆறு வாரம் எடுத்துக்கொள்ளும். ஸ்நேக் பிளாண்ட் இலைக்கு ஒன்று முதல் இரண்டு மாதம்; அதன் பிறகு கன்று வர இன்னும் சில மாதம். பொறுமை இல்லாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

முதல் வாரத்தில் தண்டின் மூழ்கிய பகுதியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தோன்றலாம். பூஞ்சை என்று நினைத்து எறிந்துவிடுகிறார்கள். அவை தண்டின் மூச்சுத் துளைகள் நீரில் ஊறிப் பருத்தவை. தொட்டால் கெட்டியாக இருக்கும். செம்பருத்தியின் வெட்டுமுனையில் வெளிர்நிறத்தில் சற்று சொரசொரப்பாகக் காய்ப்புக் கட்டுவதும் நல்ல அடையாளமே. பஞ்சு போல நீரில் அசைவது, பிசுபிசுப்பது, நாறுவது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால்தான் அழுகல். அப்போதும் முழுத் துண்டையும் கைவிட வேண்டியதில்லை. பழுப்பு ஏறிய பகுதிக்கு மேலே, உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ தெரியும் இடம் வரை வெட்டிவிட்டு, கழுவிய பாட்டிலில் புதுத் தண்ணீரில் மறுபடி வையுங்கள்.

ஏமாற்றும் அடையாளம் ஒன்றும் உண்டு. வேர் வராமலே நுனியில் புது இலை துளிர்க்கலாம். அது தண்டிலிருந்த சேமிப்பில் வந்தது. துளிரைப் பார்த்து மண்ணுக்கு மாற்றினால் வாடிவிடும்.

8. கொசு

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. இதுபோல வீட்டுக்குள் தேங்கிய நல்ல தண்ணீரைத்தான் தேடும். நம் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் போதும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாட்டில் சுவரில் அது முட்டையை ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது, உலர்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாரால் தேய்க்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். பாட்டில் வாயில் தண்டைச் சுற்றிப் பஞ்சோ கொசுவலைத் துண்டோ அடைத்துவிடுங்கள், ஆனால் காற்றுப் புகாமல் மூடிவிட வேண்டாம். ஊருக்குப் போவதாக இருந்தால், மாற்ற ஆளில்லாத பாட்டில்களைக் கொட்டிவிட்டுப் போங்கள், அல்லது பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். காய்ச்சல் காலத்தில் வீடு வீடாகப் பார்த்து வரும் சுகாதாரப் பணியாளர் உங்கள் செடியைப் பற்றிக் கவலைப்பட மாட்டார், பாட்டிலைக் கவிழ்த்துவிட்டுத்தான் போவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

9. மண்ணுக்கு மாற்றுதல்

வேர் வந்த துண்டுகளில் நிறையச் செத்துப்போவது இந்த இடத்தில்தான். தண்ணீரில் வளர்ந்த வேர், மண்ணில் வளர்ந்த வேரைப் போன்றதன்று. வெள்ளையாக, எளிதில் முறிவதாக, மண்ணிலிருந்து நீரை உறிஞ்சும் தூவிகள் குறைவாக இருக்கும். மண்ணுக்குள் போனதும் செடி அதற்கேற்ற புது வேர்களை விட வேண்டும். அதுவரை பழைய வேரை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. தண்ணீரில் எவ்வளவு நாள் கூடுதலாக இருக்கிறதோ அவ்வளவு கடினமாகும் இந்த மாற்றம். ஆகவே பாட்டில் நிறைய வேர் சுருளட்டும் என்று காத்திருக்காதீர்கள். வேர் ஒன்று முதல் இரண்டு அங்குலம் நீண்டு, பக்கத்தில் மெல்லிய கிளைவேர் தொடங்கும்போதே மாற்றிவிடுங்கள்.

மண் கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, அலசிய கோகோபீட் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, ஆற்று மணல் அரைப் பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். காலாப்பட்டு, பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் இதற்கு நன்றாக ஒத்துவரும். கடற்கரை மணலை மட்டும் அள்ளி வராதீர்கள், எத்தனை முறை அலசினாலும் நம்ப முடியாது. மலிவான கோகோபீட்டிலும் உப்பு இருக்கும். ஊறவைத்த தண்ணீரைப் பிழிந்து கொட்டி, இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

தொட்டி சிறியதாக இருக்கட்டும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, உள்ள வேரையும் அழுக வைக்கும். அடியில் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொட்டியை முக்கால் அளவு நிரப்பி, தண்ணீர் விட்டு, மண் கையில் பிடித்தால் சேர்ந்து, விட்டால் உதிரும் பதத்துக்கு வரட்டும். நடுவில் விரலால் அகலமாகக் குழி எடுங்கள். துண்டை ஒரு கையில் தொங்கவிட்டபடி, வேர்கள் இயல்பாக விரிந்திருக்கும்போதே மறுகையால் சுற்றிலும் மண்ணைத் தூவி நிரப்புங்கள். மண்ணுக்குள் குத்தி இறக்கினால் வேர் முறியும். நட்ட பிறகு கட்டைவிரலால் அழுத்தி இறுக்குவதும் அதே கெடுதலைத்தான் செய்யும். மண் படிவதற்குப் பூவாளியில் தண்ணீர் ஊற்றினால் போதும். இதையெல்லாம் மாலையில், வெயில் தாழ்ந்த பிறகு செய்யுங்கள். செடிக்கு ஓர் இரவு அவகாசம் கிடைக்கும்.

நட்டவுடன் மேலே ஒரு பாலித்தீன் பையைக் குடைபோலக் கவிழ்த்து, பக்கவாட்டில் நாலைந்து துளை போடுங்கள். அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலும் ஆகும், மூடியைக் கழற்றிவிட வேண்டும். அப்படியே நிழலில் பத்து நாள் இருக்கட்டும். மூடிய தொட்டியில் வெயில் பட்டால் உள்ளே வெந்துவிடும். முதல் வாரம் மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். நீரிலேயே பழகிய வேர் வறட்சி தாங்காது. இரண்டாம் வாரம் மேல்மண் சற்றே உலரவிட்டுத் தண்ணீர் விடுங்கள். பையை ஒரே நாளில் எடுத்துவிடாமல், முதலில் இரவில் மட்டும், பிறகு காலையும் சேர்த்து என்று திறந்து பழக்குங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் இலை தொங்கினால் பதற வேண்டாம், உரம் போடவும் வேண்டாம். கீழிலை ஒன்றிரண்டு பழுத்து உதிர்வதும் வழக்கம்தான். தண்டு நிமிர்ந்து, மண்ணுக்கு வந்த பிறகு துளிர்த்த முதல் இலை முழுதாக விரிந்தால் வேர் பிடித்துவிட்டது என்று கொள்ளலாம். புதினாவுக்கு இது இரண்டு வாரம், செம்பருத்திக்கு ஒரு மாதத்துக்கு மேல். உரத்தை அதன் பிறகு தொடங்குங்கள், வெயிலையும் காலை ஒரு மணி நேரத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். மாடித் தரையில் நேராகத் தொட்டியை வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். தரைச் சூடு வேரைத் தாக்கும்.

மணி பிளாண்டையும் சிங்கோனியத்தையும் மண்ணுக்கு மாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. தண்ணீரிலேயே ஆண்டுக்கணக்கில் இருக்கும். அப்படி வைப்பதானால், பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கு மட்டும் திரவ உரம் கலந்து மாதம் ஒருமுறை கொடுங்கள்.

10. வேறு ஊருக்கோ வெளிநாட்டுக்கோ கொண்டுபோவதானால்

விடுமுறைக்கு வரும் உறவினர், பிரான்ஸுக்குத் திரும்பும்போது நம் வீட்டுத் துளசியில் ஒரு துண்டைக் கைப்பையில் எடுத்துப்போக ஆசைப்படுவது புதுச்சேரியில் சாதாரணம். 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவரும் செடிக்கும் துண்டுக்கும் தாவர நலச் சான்றிதழ் கட்டாயம். அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சை ஆகிய ஐந்து பழங்களுக்கு மட்டுமே விலக்கு. மண் ஒட்டிய வேர் அறவே கூடாது. இங்கே அந்தச் சான்றிதழைத் தருவது மத்திய அரசின் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையம். நமக்கு அருகில் உள்ளது சென்னை மீனம்பாக்கத்தில் இருக்கிறது. விண்ணப்பம், ஆய்வு, கட்டணம் என்று நேரம் பிடிக்கும் ஆகையால், பயணத்துக்கு முந்தின நாள் நினைத்துக்கொண்டு ஆகக்கூடிய வேலை அன்று. அங்கிருந்து இங்கே கொண்டுவருவதற்கும் அதே கண்டிப்பு உண்டு: 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இந்தியாவின் இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டுச் சான்றிதழும் இரண்டும் வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு ஒரு துண்டு மணி பிளாண்டைக் கொண்டுபோக எந்தத் தாளும் வேண்டாம். ஆனால் தண்ணீர்ப் பாட்டிலோடு பேருந்தில் ஏறாதீர்கள்; குலுக்கலில் இளவேர் முறிந்துவிடும். பழுப்பு பீர் பாட்டிலோடு மாநில எல்லையான முள்ளோடையைத் தாண்டுகிறவர், மதுவைச் சோதிப்பவர்களிடம் விளக்கம் சொல்லவும் ஆயத்தமாக இருக்க வேண்டும். வெட்டுமுனையை அல்லது வேரை ஈரமான செய்தித்தாளில் தளர்வாகச் சுற்றி, அந்தப் பகுதியை மட்டும் பாலித்தீன் பையில் போட்டு ரப்பர் வளையம் மாட்டுங்கள். இலை வெளியே இருக்கட்டும். நிழலில் வைத்திருந்தால் ஒரு பகல் முழுவதும் தாங்கும். போய்ச் சேர்ந்ததும், வேர் இல்லாத துண்டாக இருந்தால் அடுத்த கணுவுக்குக் கீழே வரும்படி முனையைப் புதிதாக வெட்டிவிட்டுத் தண்ணீரில் வையுங்கள். வேர் உள்ளதாக இருந்தால் வெட்டாமல் அன்று மாலையே தொட்டியில் நட்டுவிடுங்கள்.